எழுநூற்று ஐம்பது ரூபாய் ஷூ

போன சனிக்கிழமை தி. நகரில் ஒரு ஷூ கடையில் சண்டை போட்டேன். லேசான சண்டை இல்லை. வெளியே பிளாட்பாரத்தில் கர்சீப் விற்றுக்கொண்டிருந்தவர் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை.

என் ஒரு கையில் அட்டைப் பெட்டி. அதற்குள் ஒரு ஜோடி ஷூ. இன்னொரு கையில் என் மகள் பவித்ரா. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வலது கால் கட்டை விரலில் பெரிய கட்டு. ரப்பர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தாள். அந்தக் காலைத் தூக்கி கேஷ் கவுன்ட்டர் மேலேயே வைத்துக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். அதை மட்டும் செய்யவில்லை. மற்றபடி எல்லாம் செய்தேன்.

ஏன் இத்தனை கோபம் என்கிறீர்களா? சொல்கிறேன். நீங்களும் என்னோடு சேர்ந்து கோபப்படுவீர்கள் — பாதி தூரம் வரைக்குமாவது.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, பவித்ராவின் ஸ்கூலில் வண்டலூர் ஜூவுக்கு அழைத்துப் போனார்கள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவள் குதிகாலால் நடந்து வந்தாள். நான் நந்தனம் ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து, நசுங்கி, அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். ஒழுங்காக நடந்து வா, இது என்ன விளையாட்டு என்று அதட்டினேன். ஆமாம், முதலில் அதட்டத்தான் செய்தேன்.

ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் வரவில்லை. ரத்தம் காய்ந்து விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் நனைத்து மெள்ள மெள்ள உரித்தெடுத்தால், கட்டை விரல் நகம் கறுத்துப்போய் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவள் அழவில்லை. ஏழு வயதுக் குழந்தை அந்த வலிக்கு அழவில்லையென்றால் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு டாக்டர் இருக்கிறார். ஊசி போட்டு, பாதி நகத்தை எடுத்துவிட்டார். ஊசி இறங்கியபோதுதான் பவித்ரா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். இதை எழுதும்போதும் அது காதிலேயே இருக்கிறது. கட்டுப் போட்டு முடித்த டாக்டர், நான் கையோடு கொண்டுபோயிருந்த ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை இனிமேல் போடாதீர்கள் என்றார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவருக்கு அதற்கு மேல் சொல்ல நேரமில்லை. எனக்கு அதற்கு மேல் கேட்கப் பொறுமையில்லை.

அந்த ஒரு வரி போதாதா எனக்கு? ஷூ சரியில்லை. டாக்டரே சொல்லிவிட்டார். அப்படியானால் விற்றவனை விடலாமா?

அதுவும் என்ன ஷூ! கேபிள் டிவியில் பார்த்துப் பார்த்துப் பெண் ஏங்கிய ஷூ. நடந்தால் குதிகாலில் சிவப்பு லைட் எரியும். போன மே மாதம் அவள் பிறந்தநாளுக்கு வாங்கினோம். எழுநூற்று ஐம்பது ரூபாய். என் காலில் இந்த முப்பத்தாறு வருஷத்தில் அந்த விலைக்கு எதுவும் ஏறியதில்லை. போதாததற்கு, அன்றைக்கு விற்ற ஆள், குழந்தைகள் கால் விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது, எலும்பு வளர்கிற வயசு என்று பெரிய உபதேசம் செய்தார். அந்த உபதேசத்துக்கும் சேர்த்துத்தான் சனிக்கிழமை கத்தினேன்.

வாங்கும்போது என் கணவர் ஒரே ஒரு யோசனை சொன்னார். அவர் வருஷத்துக்கு இரண்டு யோசனைதான் சொல்வார். ரெண்டு சைஸ் பெரிசா வாங்கிடலாமே என்றார்.

எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். உங்கள் வீட்டில் மட்டும் என்ன? ஸ்கூல் ஷூ என்றால் இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சை அடைத்துவிடுவோம். முதல் வருஷம் லொடலொடவென்று இருக்கும். இரண்டாம் வருஷம் பஞ்சை எடுத்துவிட்டால் கச்சிதம். மூன்றாம் வருஷம் கட்டை விரல் வெளியே எட்டிப் பார்க்கும்போது மறுபடி கடைக்குப் போவோம். அந்த ஷூக்களில் என் பெண்ணுக்கு ஒரு நாளும் நகம் போனதில்லை.

ஆனால் அன்றைக்கு நான் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் வாயை மூடிக்கொண்டார். எழுநூற்று ஐம்பது ரூபாய் ஷூவில் பஞ்சை அடைப்பதாவது! சொன்னால் சிரிக்க மாட்டார்கள்? காலுக்குக் கச்சிதமாக, ஒரு நூல் இடம் இல்லாமல், வாங்கினோம்.

அப்படிக் கச்சிதமாக வாங்கியதைத் தினமும் போட்டு நடக்கவிட்டோமா? அதுதான் இல்லை. பெட்டியில் வைத்து, அந்தச் சின்ன மெல்லிய காகிதத்தை அதே மடிப்பில் சுற்றி, பீரோ மேல் ஏற்றிவிட்டேன். நல்லது கெட்டதுக்குப் போட்டுக்கொள்ளலாம், இப்போது போட்டால் பாழாகிவிடும்! டிவிக்கு உறை, சோபாவுக்கு பிளாஸ்டிக் கவர், விருந்தாளி வந்தால் மட்டும் இறங்குகிற கண்ணாடி டம்ளர் செட்... இந்த வரிசையில் ஷூவும் சேர்ந்தது.

பிறந்தநாள் அன்றைக்குச் சாயங்காலம் போட்டாள். அப்புறம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசல் வரைக்கும் போட்டுக்கொண்டு போனாள். வாசலில் கழற்றச் சொன்னார்கள். அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வருமா? பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிட்டேன். அடுத்த நாள் கோயில். நானும் அவளும் உள்ளே போனபோது என் கணவர் வெளியே ஷூவுக்குக் காவல் நின்றார். நாங்கள் வந்ததும் அவர் உள்ளே போனார், நான் காவல் நின்றேன். சாமி கும்பிட்டது பாதி, ஷூவை நினைத்துக்கொண்டது பாதி.

யோசித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் கழற்றுகிறோம், கோயில் வாசலில் கழற்றுகிறோம், பல் டாக்டர் வாசலில்கூடக் கழற்றுகிறோம். கழற்றிக் கழற்றி வைக்கிற ஊரில் இவ்வளவு விலைக்கு எதற்கு ஷூ? எவன் தலையில் கட்டுகிறான், நாம் ஏன் குனிந்து வாங்கிக்கொள்கிறோம்?

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஜூவுக்குக் கலர் டிரஸ்ஸில் வரலாம் என்று ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள். பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினேன். பவித்ரா, பழைய கேன்வாஸையே போட்டுக்கொள்கிறேனே என்றாள். எனக்கு வந்ததே கோபம்! காசைக் கொட்டி வாங்கியது சும்மா கிடக்கிறது, கேன்வாஸாம். உட்காரவைத்து நானேதான் மாட்டிவிட்டேன். குதிகால் சுலபத்தில் இறங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தி இறக்கினேன். புதுசு என்றால் இறுக்கமாகத்தான் இருக்கும், நடக்க நடக்க விட்டுக்கொடுக்கும் என்றேன். அந்தக் காலோடு அவள் நாள் முழுக்க புலியையும் நீர்யானையையும் பார்த்து நடந்திருக்கிறாள்.

இப்போது கடைக்குப் போகலாம்.

நான் கத்தி முடிக்கும் வரை அங்கிருந்த சேல்ஸ்மேன் குறுக்கிடவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில், குதிகாலை ஷூவுக்குள் இறக்குகிற சின்ன ஷூ ஹார்ன். எப்ப வாங்கினது மேடம் என்று மட்டும் கேட்டார். பில்லை நீட்டினேன். பில்லைத் தொலைக்கிற ஆளா நான்? அவர் தேதியைப் பார்த்தார். ஷூவின் அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சரிவான ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பவித்ராவின் நல்ல காலை எடுத்து அளவுக் கட்டையில் வைத்தார்.

“பாப்பா காலு பதிமூணு. இது பதினொண்ணு” என்றார். “ஷூ இன்னும் புதுசாவே கீது மேடம். காலுதான் வளந்துகினே போயிருக்குது. நான் இன்னா செய்யட்டும்?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்காக விட்டுவிடுவேனா? இறுக்கமாக இருந்தால் குழந்தை சொல்லாதா, அவளுக்கென்ன வாயில்லையா என்று அடுத்த சுற்றுக்குத் தயாரானேன். அவர் என்னிடம் பேசவில்லை. குனிந்து பவித்ராவிடம் கேட்டார்.

“மாட்டும்போதே வலிச்சுதா பாப்பா?”

தலையை ஆட்டினாள்.

“அம்மாகிட்ட சொல்லவேண்டிதான?”

பவித்ரா என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரிடம் சொன்னாள்.

“எழுநூத்தி ஐம்பது ரூபா.”

அவ்வளவுதான். அவளைப் பொறுத்தவரை அது முழு பதில்.



அந்த விலையை அவளுக்கு யார் சொன்னது? நான். மே மாதத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஒருவரையும் விடாமல் சொல்லியிருக்கிறேன். நாத்தனாரிடம் சொன்னேன், எதிர் போர்ஷன் மாமியிடம் சொன்னேன், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம்கூடச் சொன்னேன். விலைவாசியைத் திட்டுகிற மாதிரி ஆரம்பித்துப் பெருமையடித்துக்கொள்வது ஒரு கலை. எனக்கு அது நன்றாக வரும். அவள் அங்கேயேதான் தரையில் படுத்துக் கலர் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பாள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று பார்த்தேன், எழுதிவிடுகிறேன். தீபாவளி சமயம் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகும் வழியில் இந்த ஷூவோடு ஓடி, ரோட்டில் விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கி நிறுத்திய கையோடு குனிந்து பார்த்தது ஷூவின் முனையை. கீறல் விழுந்ததா என்று! முட்டியில் ரத்தம் வந்ததை அவள் அப்பாதான் பார்த்தார்.

எனக்கு என்மேல் வந்த கோபம் மாதிரி இதுவரை எவன் மேலும் வந்ததில்லை. கடைக்காரர் மேல் கத்தலாம், கேபிள்காரனைத் திட்டலாம், டாக்டரைக்கூட விளக்கமாகச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். என்னை நான் என்ன செய்வது? அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அழுதால் அசிங்கம் என்று கர்சீப்பைத் தேடினேன்.

இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, விலை உயர்ந்த ஷூ வாங்கலாமா, கூடாதா என்று யாரும் எனக்குக் கடிதம் போடாதீர்கள். அது நல்ல ஷூதான். லைட் இன்னும் எரிகிறது. முடிந்தால் வாங்குங்கள். வாங்கினால் மறுநாளே சேற்றில் இறக்கிவிடுங்கள். அதற்கு மனசு வராதென்றால் அந்த விலை உங்களுக்குத் தாங்காது என்று அர்த்தம். தாங்காத விலையை நீங்கள் ஒரு முறை கொடுக்கிறீர்கள், பிள்ளை தினமும் சுமக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. முடியவில்லை.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணி, பவித்ராவிடம் சொன்னேன்: “எது வலிக்கலையோ அதை எடுத்துக்கோ. விலையைப் பத்திக் கவலைப்படாதே.” கட்டுப் பிரிந்த பிறகு போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே. சேல்ஸ்மேன் இரண்டு ஜோடி கேன்வாஸ் கொண்டுவந்து வைத்தார்; விலை குறைந்ததில் பன்னிரண்டாம் சைஸ்தான் இருக்கிறது, போட்டுப் பார்க்கட்டும் என்றார். கட்டில்லாத காலில் இரண்டையும் போட்டுப் பார்த்தாள். நடந்தாள். நின்றாள். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பெட்டியிலும் ஒட்டியிருந்த விலைச் சீட்டை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு வந்து, இது வலிக்கலைம்மா என்றாள்.

சேல்ஸ்மேன் அதை அவள் காலில் மறுபடி மாட்டி, கட்டை விரலால் ஷூவின் முனையை அழுத்தினார். உள்ளே விரல்கள் நீட்ட இடமில்லாமல் மடங்கியிருந்தன. பவித்ராவின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, சிரித்துக்கொண்டு நின்றாள்.

என் பெண்ணுக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் யார் என்று மட்டும் தெரிந்துவிட்டது.