செம்பருத்தியில் மூன்று தையல்

1. காலை ஆறரை மணி. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ‘டுவீ டுவீ டுவீ’ என்று காதைத் துளைக்கும் குரல்.
2. மாமரத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை.
3. குரலைப் பதிவு செய்து போனில் இருந்த செயலியிடம் கேட்டேன். ‘தையல்சிட்டு’ என்றது. கட்டைவிரல் அளவுப் பறவையாம். நம்பவில்லை.
4. காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்த மாமா, செம்பருத்தியில் இலைகள் சுருண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பூச்சிமருந்து பாட்டிலை எடுத்துவந்தார்.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அண்ணாமலை நகர் விடுதியில் நான்கு வருடம் என்னை எழுப்பியது இதே குரல். காக்கை அளவுக்காவது இருக்கும் என்று அப்போதே முடிவு கட்டியிருந்தேன். அதனால் உயரத்திலேயே தேடிப் பழகிவிட்டேன்.

“எலைச் சுருட்டுப் புழும்மா இது. நெல்லுல நான் பாக்காததா? எலைய மடிச்சிகினு உள்ள குந்தியிருக்கும்” என்றபடி மாமா மூடியைத் திருகினார்.

அப்போது அந்தக் குரல் அவர் முழங்கை அருகிலிருந்தே வெடித்தது. பார்த்தேன்! துருநிற உச்சி, பச்சை முதுகு, விறைத்து நிமிர்ந்த வால். கட்டைவிரலேதான். இவ்வளவு சத்தமும் இதற்குள்ளிருந்தா வருகிறது? அலகில் பச்சைப் புழுவோடு இன்னொன்று வந்து சுருண்ட இலைக்கு மேல் தவித்தது.

“மாமா, நில்லுங்க! அடிக்காதீங்க!”

அவர் கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தேன். இரண்டு இலைகளின் ஓரங்களிலும் ஊசி குத்தியதுபோல் துளைகள். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தது வெள்ளைப் பஞ்சு. என் பக்கத்தில் தெரிந்தவை மூன்று தையல்கள். உள்ளே மூன்று குஞ்சுகள், வாயைத் திறந்தபடி.

மாமாவும் குனிந்து பார்த்தார். பிறகு, “புழு இருக்குதுன்னு நான் சொன்னது சரிதான. குருவி வாயில இருக்குது” என்றார்.

“போதும்ண்ணே உங்க ஆராய்ச்சி. மூடியப் போட்டுட்டுக் கையக் கழுவுங்க, இட்லி ஆறுது” என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள்.

இன்றைய நிலவரம்: குஞ்சுகள் மூன்றும் கூட்டில் இருக்கின்றன. மருந்து பாட்டில் பரண்மேல் இருக்கிறது. மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார், தினமும் காலையில் போன் செய்து, “பறந்துடுச்சா?” என்று கேட்கிறார். இன்னும் இல்லை.