சேத்தக்கில் எது பழசு?

முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், பிறகு அடுக்களையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அதற்கும் பிறகுதான் சிட்லபாக்கம் ஏரிப் பக்கமிருந்து சேத்தக் ஹெலிகாப்டர் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே வரும். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் அப்பா அதற்கு மெக்கானிக்காக இருந்ததால் வீட்டில் அதற்கு "அப்பா வண்டி" என்றே பெயர். அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே பறந்துகொண்டிருந்த ரகம் அது.

எனக்கு அதில்தான் சந்தேகம். எங்கள் மிக்ஸி வாங்கிய சூட்டிலேயே புகைந்தது, மொபெட்டைத் தெருவே சேர்ந்து தள்ளினாலும் கிளம்பாது, ஆகாயத்தில் தொங்குகிற இது மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கிறது? அப்பாவிடம் கேட்பதென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். காதடைப்பானை மாட்டினால் எஞ்சினுடைய "கரகரப்பு" பிடிபடாது என்று அவரும் கூட்டாளிகளும் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வேலை பார்த்தார்கள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டார்கள். நாற்பது வயதுக்குள் அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது.

நான் ஆறாவது படித்தபோது அண்ணன் ஆல்பர்ட்டுக்கு விமானப்படையில் மெக்கானிக் வேலைக்கு அழைப்பு வந்தது. அப்பா, என் வண்டியிலேயே இவனும் கை வைப்பான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பள்ளிக்கூட டீச்சரான அம்மா ஒரேயடியாக மறுத்தாள். அப்பன் காலத்து ஓட்டை வண்டிக்கு மகனையும் தர முடியாது என்றாள். சர்ச்சில் தெரிந்தவர் மூலம் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் அவனுக்கு இடமும் பேசி வைத்தாள். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வீடே சத்தமாக இருந்தது. அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் சண்டையும் ஊருக்கே கேட்கும்.

அந்த வாரம் தளத்தில் குடும்பங்களை அழைத்துக் காட்டும் நாள் வந்தது. கொட்டகைக்குள் ஒரு சேத்தக்கைக் கோழி உரித்த மாதிரிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கதவு ஒரு மூலையில், விசிறி ஒரு மூலையில். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள், குனிந்து அடியில் பார்த்தாள், பிறகு அங்கே நின்ற இளம் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல எதுப்பா பழசு?"

அவர் தலையைச் சொறிந்தார். "விசிறி, எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் இத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னா கழட்டிட்டு வேற மாட்டிடுவோம் ஆன்ட்டி, நல்லா இருந்தாலும் சரி. இந்தக் கூடும் வால்ல இருக்கிற நம்பரும்தான் பழசு."

எனக்கு விடை கிடைத்துவிட்டது, துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அம்மாவோ அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"போடா, போய்ச் சேரு. ஆனா காதுல மாட்டுறதக் கழட்டுனேன்னு தெரிஞ்சுது, அங்கயே வந்து அறைவேன். இதுக்குப் பார்ட்ஸ் மாத்துறாங்க. உங்கப்பாவுக்கு யாருடா மாத்துனா?"

இரண்டடி தள்ளி நின்ற அப்பாவுக்கு அது கேட்கவில்லை. கைக்குட்டையால் அந்தக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசிவரை ரேடியோ, ஜெபம் எதுவும் எட்டாமல், எங்கள் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவும் போய்விட்டாள். எங்கள் மாடிக்கு மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் வந்து ஏரி மறைந்துவிட்டது. சேத்தக்குகளை ஓரங்கட்டப் போவதாக வருஷா வருஷம் பேப்பரில் போடுகிறார்கள், அது இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. அதோடு வேலையைத் தொடங்கிய அண்ணன் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சை நடுவில் நிறுத்தி, பாப்பா முழிச்சுட்டா என்று சொல்லி எழுந்து இறங்கினான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கீழே போய்ப் பார்த்தேன். அவன் பேத்தி தூளிக்குள் கண் திறந்து, அழக்கூட இல்லை, சும்மா சிணுங்கிக்கொண்டிருந்தாள்.