குடிக்காதவளின் எஸ்ஜிபிடி

கல்யாண வீடுகளில் பந்திக்கு முன்னால் என் கணவர் அரை மணி நேரம் காணாமல் போவார். திரும்பி வரும்போது வாயில் பாக்கு மணக்கும். அந்த அரை மணி நேரத்துக்காக இருபது வருடமாகப் பாடம் எடுத்து வருகிறேன். பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு, வீட்டில் இவருக்கு ஈரல். போன வருடம் ஒருவழியாக ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, நானும் கை நீட்ட வேண்டும்.

"நீதான் சுத்தமான ஆளாச்சே. ஒனக்கென்ன பயம்?"

வெறும் வயிற்றோடு ஆலங்குடிக்குப் போய் ரத்தம் கொடுத்தோம். சாயங்காலம் போனில் ரிசல்ட் வந்தது. அவருக்கு எல்லாமே நார்மல். என்னுடையதைப் பார்த்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற இடத்தில், நாற்பதுக்குள் இருக்க வேண்டியது நூற்றுப் பதினெட்டு.

"எத்தனை நாளா இந்தப் பழக்கம்?" என்றார், அப்படியே என் குரலில்.

ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கும் போன் போட்டு, "ஒங்கம்மாவைக் கொஞ்சம் கண்டிச்சு வையி" என்றார். நான் இணையத்தில் தேடினேன். மூன்றாவது பக்கத்திலேயே என் ஈரல் சுருங்கிப்போயிருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை.

சனிக்கிழமை புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான்.

"இது ஈரல் செல்லுக்குள்ள இருக்கிற என்சைம். செல்லுக்கு ஏதாச்சும் தொந்தரவுன்னா கசிஞ்சு ரத்தத்துக்கு வந்துரும். தொந்தரவு இருக்குன்னு சொல்லும், என்னன்னு சொல்லாது. அதை நாமதான் கண்டுபிடிக்கணும். குடிப்பழக்கம் உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க" என்றார் கணவர், முந்திக்கொண்டு.

"நாட்டு மருந்து, லேகியம், பொடி ஏதாவது?"

"இல்லைங்க" என்றேன்.

பொய். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் விற்ற, உடம்பு இளைக்கும் பொடியை இரண்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டப்பா, கேழ்வரகு மாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இவர் முன்னால் அதைச் சொன்னால் இருபது வருடப் பாடம் என்ன ஆவது?

ஸ்கேனுக்கும் இன்னும் சில டெஸ்டுகளுக்கும் எழுதி வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தோம். மனசு கேட்கவில்லை. குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்ப உள்ளே ஓடினேன்.

"குடை இங்க இல்லையேம்மா" என்றார் டாக்டர்.

"குடை பையிலதாங்க இருக்கு. நான் ஒரு பொடி சாப்பிடுறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னென்ன சேத்திருக்குன்னு டப்பால போட்டிருக்கா?"

"மூலிகைன்னு மட்டும்."

"டீச்சர்னு சொன்னீங்களே. பசங்க வழிமுறை காட்டாம விடையை மட்டும் எழுதினா மார்க் போடுவீங்களா?" பிறகு குரலைத் தணித்தார். "பொடிதான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாது. கொழுப்பும் இருக்கலாம், வைரஸும் இருக்கலாம். எல்லாத்தையும் பாப்போம். பொடியை இன்னையோட நிறுத்துங்க. ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட் எடுங்க."

திரும்பினால் வாசலில் என் கணவர். குடை பையில்தான் இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறார்.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பாதி வழியில் சிரிப்பு நின்றது.

"இளைக்கணும்னு யாரு சொன்னா? நான் ஏதும் சொன்னேனா?"

"நீங்க எதுவுமே சொல்லலையே. அதாங்க."

ஆலங்குடி வந்தது. இறங்கும்போது பையை அவரே தூக்கிக்கொண்டார்.

வைரஸ் எதுவும் இல்லை. ஸ்கேனில் ஈரலில் லேசாகக் கொழுப்பு. ஒரு மாதம் கழித்து எஸ்ஜிபிடி நாற்பத்தாறு. பொடியின் பங்கு நிச்சயம் உண்டு என்றார் டாக்டர். மீதியை நடந்து குறைக்கச் சொன்னார். இப்போது சாயங்காலம் இருவரும் நடக்கிறோம். நார்மல் ஈரல்காரர் நாலு எட்டு முன்னால் போகிறார்.

பொடி விற்ற டீச்சரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது. "நானே ரெண்டு வருசமாச் சாப்பிடுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

"டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?"

இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மதியம் டிபன் பாக்ஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பாக்ஸை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏன் டீச்சர், அந்த லேபுக்கு வெறும் வயித்தோடதான் போகணுமா, இல்லை டீ குடிச்சுட்டுப் போகலாமா?"