ரமணியின் அணை எந்த வகை?

மழை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, மதுராந்தகம் தாண்டி ஒரு மண் அணையைப் பார்த்துவிட்டு வந்தோம். சுற்றுலாத் தலமெல்லாம் இல்லை. என் சகலை ரமணியின் சொந்த அணை. மயிலாப்பூரில் பாதி ஆயுளைக் குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றே கழித்தவர். ஓய்வு பெற்றதும், ஓடையின் குறுக்கே கரை போட்டிருந்த ஒரு நிலத்தை வாங்கினார். வாங்கிய கையோடு கரைக்குக் கீழேயே வீடும் கட்டிவிட்டார். அணை எந்த ஆபத்து வகை என்று தெரியாமல் அங்கே குடிவர மாட்டேன் என்று அவர் மனைவி லலிதா சொல்லிவிட்டதால்தான் இந்தப் பயணம்.

ரமணி, லலிதா, நான் மூவரும் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, அடையாறில் அணைப் பொறியாளர் ஜமீலா மேடத்தை ஏற்றிக்கொண்டோம். கிண்டி வழியாகத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். வண்டி வாடகை 4,200 ரூபாய், சுங்கம் தனி. பிள்ளையைப் பரீட்சைக்கு அழைத்துப் போகும் தகப்பன் மாதிரி ரமணி வழியெல்லாம் சிபாரிசு செய்துகொண்டே வந்தார். "கரையில ஒரு எலிப்பொந்து கிடையாது மேடம்."

மேடம் கரையை முழுக்க நடந்து பார்த்தார். கசிவு இல்லை, விரிசல் இல்லை. ரமணிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"நல்ல கரை சார். ஆனா அதிக ஆபத்து வகை," என்றார் மேடம்.

"நல்ல கரைன்னேளே?"

"கரை எப்படி இருக்குன்னு இந்த வகை சொல்லாது. உடைஞ்சா கீழ யாருக்கு என்ன ஆகும்னுதான் சொல்லும். முன்னாடி இங்க வெறும் முள்ளுக்காடு, குறைஞ்ச ஆபத்துதான். இப்போ உங்க படுக்கையறை இருக்கே."

ரமணி மறுமதிப்பீடு கேட்டார். "நாங்க ரெண்டு பேர்தானே இருக்கப்போறோம்? அதுவும் வயசானவா."

"ஒருத்தர் இருந்தாலே போதும் சார்."

இதைக் கேட்ட டிரைவர் பாபு, வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டியை மேட்டுக்கு ஏற்றினார். "வண்டி புதுசு சார். நீங்க பேசிக்கினு இருங்க."

மேடம் இரண்டு வழி சொன்னார். வீட்டில் யாரும் தங்கக்கூடாது. இல்லையென்றால் மதகைத் திறந்து, நீர்மட்டத்தை எப்போதும் கால்வாசிக்குக் கீழே வைக்க வேண்டும். அப்போது கரை உடைந்தாலும் தண்ணீர் வாசற்படியைத் தாண்டாது.

"மதகைத் திறந்துடுங்கோ," என்றார் லலிதா.

"இத்தனை தண்ணியையுமா?"

"எனக்கு ராத்திரி தூக்கம் வேணும். பக்கத்துல நீங்களும் வேணும்."

ரமணி தண்ணீரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கே பாவமாகிவிட்டது.

ஏரிக்கரை ஓரமாக வீடு எடுத்துத் தங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கரை பலமா என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். உங்கள் கட்டில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்றும் பாருங்கள். அருகில் கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். மதகைத் திறக்கப் பத்து நிமிஷம் என்றார் மேடம். எங்களுக்கு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

"தண்ணி போகப்போறதுன்னா, முதல்ல பிடிச்சு வெச்சுக்கணும் ஓய்," என்று ரமணி என் கையில் வாளியைக் கொடுத்தார். மேடத்துக்கு ஒரு குடம், பாபுவுக்கு இரண்டு. அண்டா, குக்கர், டிபன் கேரியர், பாயச உருளி என்று வீட்டிலிருந்த பாத்திரம் அத்தனையும் நிரம்பிய பிறகுதான், ஓர் ஏரியைத் திறந்துவிட அவருக்கு மனசு வந்தது.