விழுங்கிய மாத்திரையை நம்பாதவர்

இலங்கையில் நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். காசநோய்க்கு மாத்திரை தொடங்கி மாதக்கணக்காகியும் இருமல் விடவில்லை. உடம்பும் இளைத்துக்கொண்டே போனது. நான் மாத்திரையை வீசிவிடுகிறேன் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரும் அதையே நம்பினார். நான் விழுங்கியதும், "வாயத் தொற" என்பார். நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். பிறகு, பலம் வரட்டுமென்று அவரே சீனி கூட்டித் தேத்தண்ணி ஊற்றித் தருவார்.

ஒருநாள் கிளினிக்கில் பக்கத்தில் இருந்த முஸ்லிம் அம்மா ஒருவர், காலியாகிவிட்ட என் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார். "அடிக்கடி எழும்பி வெளிய போறீங்களே மகள், சீனி வருத்தம் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்ததில்லை என்றதும், அவரே என்னை நர்ஸிடம் கூட்டிப்போனார்.

ரத்தத்தில் சீனி மிக அதிகமாக இருந்தது. அதை அடக்காவிட்டால் நெஞ்சு லேசில் ஆறாது என்றார் டாக்டர். நுரையீரலில் விழுந்த வடு இனிப் போகாது என்றும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் மெதுவாக, "இப்படித் தாகமெடுக்குதுன்னு முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"மாத்திரை குடிக்கிறேன்னு தெனமும் சொன்னேனேங்க" என்றேன்.

இப்போது இருமல் இல்லை. ஆனால் மலையேற மூச்சு வராததால் வேலையை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர்மேல் கோபமும் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும், அவரிடம் சொல்ல மனம் வருவதில்லை.