சும்மா வயர்

தம்பி கண்மூடி ஒரு வருடம் ஆகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினரும் நண்பர்களும் இந்தக் கட்டுரையைக் கடைசிவரை வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் தம்பியை 'அவர்' என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் என்னைவிட ஒன்பது வயது இளையவன், என் முதுகில் ஏறி வளர்ந்தவன். கை 'அவன்' என்றே எழுதுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டக் காணிக்கு வந்து, பரந்தனுக்கு அப்பால் வாய்க்கால் கரையில் கொட்டில் போட்ட பிறகு பிறந்தவன் தம்பி. இரண்டு பேரைப் படிப்பிக்க ஐயாவிடம் வசதி இருக்கவில்லை. நான் பட்டம் பெற்றுப் பௌதிகவியல் ஆசிரியரானேன். தம்பி சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி வயலைப் பொறுப்பெடுத்தான். அதைப்பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. வயலில் பம்பு நின்றால் வரம்பிலேயே சாக்கை விரித்துக் கழற்றிப் பூட்டுவான். பிறகு ஊரிலுள்ள பம்புகளெல்லாம் அவனிடம் வரத் தொடங்கின. கையில் காசு இருப்பவரிடம் கூலி வாங்குவான். இல்லாதவரிடம் "அறுவடைக்குப் பிறகு பாப்பம்" என்பான். பிறகு கேட்கவும் மாட்டான்.

வன்னியில் மின்சாரம் இல்லாத அந்த நீண்ட போர்க்காலத்தில், எண்ணெய் கிடைத்தால் சின்ன ஜெனரேற்றர் ஒன்றை ஓட்டுவோம். அதற்கு இரண்டு வயர் போதும். மூன்று வயர் உள்ள கேபிள் அகப்பட்டால், எர்த்துக்கு உரிய பச்சை வயரை உருவி வேறு வேலைக்கு எடுத்துவிடுவோம். ஒரு முழ வயர்கூட அருமையாக இருந்த நாட்கள் அவை. "ரெண்டு பேர் வேலை செய்யினம். இவர் சும்மா நிக்கிறார்" என்பான் தம்பி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'சும்மா வயர்'. இடம்பெயர்ந்தபோது அவனுடைய சைக்கிள் காரியரில் உடுப்புப் பெட்டிக்கு மேலே ஒரு வயர்ச் சுருளும் வந்தது.

திரும்பி வந்து, வீடு கட்டி, மின்சாரமும் வந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டான். அதுதான் அவனுடைய பட்டறை. வயரிங் வேலைக்கு ஆள் கூப்பிடவில்லை. தானே செய்வதென்று முடிவு. நான் ஓய்வுபெற்றுப் பக்கத்துக் காணியில் இருந்தேன். கதிரையைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். வெல்டிங் தொடங்கினால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. ஆகவே ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலிருந்தே, அதன் காவல் இல்லாமல், பட்டறைக்கு லைன் எடுத்தோம். அது பிழை. இருவரும் சேர்ந்து செய்த பிழை.

அடுத்தது என்னுடையது மட்டும்.

எனக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. பொழுதுபட்டபின் வேலி கடந்து அவனிடம் கதைக்கப் போகும்போது பாதை தெரியாது. எனக்காகப் பட்டறை முகப்பில் ஒரு விளக்குப் போட்டு, வீட்டுக்குள்ளிருந்தே கொளுத்தும்படி சுவிட்ச் வைக்க அவன் விரும்பினான். அதற்கு இன்னொரு வயர் இழுக்கவேண்டும். வாங்குவதென்றால் பரந்தன் சந்திக்குப் போகவேண்டும். மத்தியானம்; நல்ல வெயில். எனக்குப் பஞ்சியாக இருந்தது; எழும்ப மனமில்லை.

"பட்டறைக்கு வாற கேபிளுக்குள்ள சும்மா வயர் கிடக்குதெல்லே, அதால குடு" என்றேன்.

"அப்ப எர்த்துக்கு என்ன அண்ணை செய்யிறது?"

"இவ்வளவு காலமும் எர்த் வைச்சோ ஓட்டினனாங்கள்?"

"அது ஜெனரேற்றர். இது லைன் கரண்ட்."

"பௌதிகவியல் படிப்பிச்சது நீயோ, நானோ?"

தம்பி சிரித்தான். "சரி வாத்தியார். பிழைச்சால் உங்களைத்தான் வகுப்பு வாங்கிலில ஏத்தி நிப்பாட்டுவன்" என்று சொல்லிவிட்டுப் பச்சை வயரின் தோலை உரித்தான்.

எர்த் வயர் எதற்கு என்று முப்பது வருடம் கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவன் நான். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு, பஞ்சியில் சொன்னேன். என் சொல்லைத் தட்டாதவன் என்பதும் எனக்குத் தெரியும்.

மாரி தொடங்கிய கிழமையில் ஒரு காலை. பட்டறையின் சீமெந்து நிலம் நனைந்திருந்தது. தம்பி வெறுங்காலோடு நின்று, துளையிடும் இயந்திரத்தில் கை வைத்தான். அதன் மோட்டாரிலிருந்து மின்சாரம் இரும்பு உடம்புக்குக் கசிந்திருந்தது. பச்சை வயர் தன் இடத்தில் இருந்திருந்தால் பியூஸ் எரிந்திருக்கும். தம்பி நாலு தூசண வார்த்தை சொல்லிவிட்டு வேறு பியூஸ் போட்டிருப்பான். அவ்வளவுதான்.

மரண விசாரணைக்கு வந்தவர் கேட்டார்: "வயரிங் ஆர் செய்தது?"

"தம்பிதான். எல்லாம் தானே செய்வார்" என்றேன்.

அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. அதற்குள்தான் ஒளிந்துகொண்டேன். செத்தவீட்டில், "கெட்டிக்காரன், ஆனா அவசரக்காரன்" என்றார்கள். தலையாட்டினேன். தம்பியின் மனைவி அவனுடைய படத்துக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம், "ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தால் உங்கட கெட்டித்தனம் குறைஞ்சு போயிருக்குமோ?" என்று திட்டுவார். அதையும் பக்கத்தில் இருந்து கேட்டேன். தம்பியின் உயிர் போனதற்கு என் பஞ்சி காரணம். அவன் பெயர் கெட்டதற்கு என் வாய் காரணம். இரண்டாவதையாவது திருத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தம்பி கவனமில்லாதவன் அல்ல. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவன். பிழையான ஆளிடம் கேட்டுவிட்டான்.

அச்சுக்குக் கொடுக்குமுன், இதுவரை எழுதிய தாள்களைத் தம்பியின் மனைவியிடம் கொடுத்தேன். குசினி வாசலில் நின்று வாசித்தார்.

"ஒரு வருசமா நான் அந்த மனிசனை ஏசிக்கொண்டிருந்தனான், அத்தான்" என்றார். "நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"ஓம், பிள்ளை."

"அச்சடியுங்கோ. ஒரு எழுத்தும் குறைக்காதேங்கோ."

தாள்களைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் என்னோடு கதைக்கவில்லை.

தம்பியை வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடிய அயலவர்களுக்கும், பந்தலுக்கும் சமையலுக்கும் தோள் கொடுத்தவர்களுக்கும், புளியங்குளம், பளை என்று தூரத்திலிருந்து வந்து எட்டுச் செலவுச் சடங்குவரை நின்ற உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பட்டறை வயரிங் முழுவதையும் கழற்றிப் புதிதாகச் செய்து தந்த மின்வேலைக்காரருக்கும் நன்றி. கொட்டகையின் பின்புறம் எர்த் கம்பியை இறக்கிவிட்டு அவர் சொன்னார்: "ஐயா, வெயில் காலத்தில கம்பியடியில தண்ணி ஊத்துங்கோ. காய்ஞ்ச மண் கரண்டை வாங்காது."

அன்றுமுதல் விடிந்ததும் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி வருகிறேன். தாள்களைக் கொடுத்த மறுநாளும் போனேன். மழை இன்னும் வரவில்லை. சுற்றிலும் நிலம் வெடித்துக் கிடந்தது. கம்பியடி மட்டும் எனக்குமுன்பே நனைந்திருந்தது. தம்பியின் மனைவி ஊற்றியிருக்கவேண்டும். இனி நீங்கள் வரவேண்டாம் என்பதா, நானும் சேர்ந்து ஊற்றுகிறேன் என்பதா, தெரியவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை.

என் வாளித் தண்ணீரையும் அதிலேயே ஊற்றிவிட்டு வந்தேன்.