கடிக்கிற பிள்ளைக்கு இடம் கொடுத்தவர்

அருளப்பன் சேரின் மரணச் செய்தி வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் கணிதப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசி மேசையில் அதிர்ந்து அடங்கியது. மறுபடியும் அதிர்ந்தது. நாவலப்பிட்டியில் இருக்கும் அவருடைய தங்கை பிலோமினாவின் பெயரைத் திரையில் கண்டதும் விஷயம் புரிந்துவிட்டது. சில வாரங்களாகவே அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பாடத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்து பேசினேன்.

"அண்ணன் போயிட்டாங்க டீச்சர். இன்னைக்குக் காலைல. நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறோம்."

"வர்றேன்," என்றேன்.

மறுநாள் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிப் போனேன். கம்பளை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மரண வீட்டுக்கு வெளியே தகரப் பந்தலின் கீழ் இளம் ஆண்களும் பெண்களும் நிறையப் பேர் நின்றார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் எங்கள் நேசரியில், அதாவது முன்பள்ளியில், இருந்த பிள்ளைகள். அவரைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் அதிகம் இல்லை. ஒருவருக்கு மஞ்சள் வாளி ஒன்று ஞாபகம் இருந்தது. இன்னொருவருக்கு அவருடைய செருப்புச் சத்தம். மூன்று நான்கு வயதில் நடந்தது யாருக்கு மனதில் நிற்கும்? அவர்களில் சிலராவது இதை வாசிக்கக்கூடும். உங்களுக்கு நினைவில்லாத அந்தக் காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதை, ஏழு வருடம் கூட இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அவர் முதலில் கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். அவருடைய அலுவலக ஜன்னலுக்கு எதிரே பிள்ளை மடுவம் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். தினமும் அழுகைச் சத்தம் கேட்கும். அதைப் பற்றி என்னிடம் ஒரு தடவை சொன்னார். "கொஞ்ச நாள்ல பழகிரும்னு சொன்னாங்க. பழகல்ல டீச்சர். அழுறத நிப்பாட்டிருச்சு. ரெண்டும் ஒன்னுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க." அந்த வேலையை விட்டு, கண்டியில் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் ஆண். பிறகு நாவலப்பிட்டியில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நேசரியைத் தொடங்கினார்.

கல்யாணம் கட்டாத ஒரு மனிதர் நேசரி நடத்துவதை ஊர் இலேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. ரோட்டுப் பக்கக் கதவு இரண்டையும் அவர் ஒருநாளும் சாத்தியதில்லை. யார் வேண்டுமானாலும் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார். ஒரு வருடத்தில் பேச்சு அடங்கியது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சர் என்ற ஒரே சொல்தான். அதனால் அவரையும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவர் திருத்தவில்லை.

நான் கண்டியில் வேறொரு நேசரியில் கற்பித்துவிட்டு அங்கே போனவள். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயங்கள் இருந்தன. எழுத்துக் கற்பிப்பதில் அவர் மிகவும் மெத்தனம். "எழுத்து எங்கயும் ஓடிறாது டீச்சர்," என்பார். "முதலாம் வகுப்புல அவங்கள ஓட விடுவாங்களே சேர்," என்பேன். எங்களிடமிருந்து போன பிள்ளைகளில் சிலர் பாடசாலையில் முதல் தவணை முழுவதும் தடுமாறினார்கள். அந்த விஷயத்தில் அவர் செய்தது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் நான் போன முதல் வாரத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு பையன் அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தான். நான் பொம்மை காட்டினேன், ஜன்னலில் காக்கா காட்டினேன். அவர் வந்து பக்கத்தில் குந்தினார். "அம்மா போனது கவலையா இருக்கா?" என்று அவனிடம் கேட்டார். அவன் தலையை ஆட்டிவிட்டு இன்னும் பலமாக அழுதான். அவர் வேறு எதுவும் பேசாமல் அங்கேயே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தானாக எழுந்து விளையாடப் போனான். "கவலைய மறக்க வைக்கப் பாக்காதீங்க. அது அவனோடது," என்று என்னிடம் சொன்னார்.

சர்மினி வந்தது அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு. நான்கு வயது. அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். பிள்ளையை அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பார்த்துக்கொண்டார். சர்மினி அமைதியான பிள்ளை. நன்றாகச் சேர்ந்து விளையாடுவாள். ஆனால் இருந்தாற்போல் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிடுவாள். சாதாரணக் கடி இல்லை. பல் பதிந்து தோல் கன்றிப்போகும்.

ஒரு நாள் அஸ்வின் என்ற பையனின் முன்கையில் கடித்து இரத்தம் வந்துவிட்டது. அவன் அப்பா பஜாரில் கடை வைத்திருந்தவர். அருளப்பன் சேர் அஸ்வினின் கையைக் கழுவினார். பிறகு ஈரத்துணியைச் சர்மினியின் கையில் கொடுத்து, காயத்தின் மேல் மெதுவாக வைத்துப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள். அஸ்வினும் கையை இழுக்கவில்லை. அவன் அம்மா வந்து பார்த்தபோது இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அந்தத் தாயின் கோபத்தில் நியாயம் இருந்தது. "கடிச்ச புள்ளையவே மருந்து போட வச்சிருக்கீங்களா சேர்? முதல்ல எல்லார் முன்னுக்கும் அவள மன்னிப்புக் கேக்க வைங்க," என்றார்.

"கேக்கச் சொன்னா கேப்பா அம்மா. நம்ம மனசு ஆறும். அவளுக்கு அதுல ஒன்னும் வெளங்காது. இப்ப அந்தக் காயம் எவ்வளவு வலிக்குதுன்னு அவ பாத்துக்கிட்டிருக்கா."

"அப்ப அவள வேற எங்கயாவது அனுப்புங்க. இல்லாட்டி நாங்க எங்க புள்ளைய எடுத்துக்கிறோம்."

"உங்க மகனுக்கு அடிபட்டது என்னோட பொறுப்பு. நான் பாத்துக்கிட்டிருந்திருக்கணும். மன்னிப்பு நான் கேக்கிறேன். ஆனா அவள அனுப்ப மாட்டேன். இங்க இருந்தும் அனுப்பிட்டா அவ எங்க போய் நிப்பா?"

மறுநாள் அஸ்வின் வரவில்லை. அந்த வாரத்தில் இன்னும் சில பிள்ளைகள் வராமல் நின்றார்கள். மாத முடிவில் பாய்களில் பாதி விரிக்கப்படாமல் கிடந்தன. மண்டபத்துச் சொந்தக்காரரும் வந்து, ஊரில் கதை வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சேரிடம் நேராகவே பேசினேன். ஒரு பிள்ளைக்காக நேசரியை மூட வேண்டி வரலாம், மற்றப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே என்றேன்.

"நீங்க சொல்றது சரிதான்," என்றார். "அவ ஏன் கடிக்கிறான்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு ஒன்னும் புடிபடல்ல. எப்ப கடிக்கிறான்னு பாப்போம்."

அன்றிலிருந்து அவள் பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை. பாட்டு, கதை எல்லாவற்றையும் நான்தான் நடத்தினேன். அவர் அவளுக்கு ஒரு கை தூரத்தில் பாயில் உட்கார்ந்திருப்பார். அவள் வாயைக் கொண்டுபோகும்போது இடையில் கையை வைத்துத் தடுப்பார். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போன பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "சண்டை புடிக்கிறப்ப கடிக்கிறதில்ல டீச்சர். கூட வெளையாடுற புள்ள எந்திரிச்சுப் போறப்பதான் கடிக்கிறா." நானும் கவனித்தேன். உண்மைதான். தண்ணீர் குடிக்க, ஒன்றுக்குப் போக, வீட்டுக்குப் போக என்று யாராவது சொல்லாமல் எழுந்தால்தான் அவளுக்கு அது வந்தது.

அத்தையை வரச் சொன்னோம். சர்மினியின் அம்மா போன அன்று என்ன நடந்தது என்று சேர் கேட்டார்.

"அவ தூங்கிக்கிட்டிருந்தா சேர். எழுப்பினா அழுவாளேன்னு அவ அம்மா அப்புடியே போயிட்டா."

"எந்திரிச்சதும் புள்ள கேட்டிருக்குமே?"

"கேட்டா. அம்மா கடைக்குப் போயிருக்கான்னு சொன்னோம். இப்பவும் அதத்தான் சொல்றோம்."

அம்மா போய் அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. தொலைபேசியில் பேச வைத்தால் பிள்ளை ஏங்கிப்போகும் என்று அதையும் செய்யாமல் இருந்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் அப்பாவை அழைத்தார். நல்ல மனிதர். சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சேர் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"சொன்னா அழுவா சேர்."

"அழட்டும். இப்பவும் அழுதுகிட்டுத்தான் இருக்கா, பல்லால."

"நான் சொல்ல மாட்டேன் சேர். எனக்குச் சொல்ல வராது. அவ அம்மாவே சொல்லட்டும்," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மற்றப் பிள்ளைகள் போன பிறகு குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்பா சத்தத்தைக் கூட்டிக் கைப்பேசியைப் பாயில் வைத்தார். சர்மினி அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அம்மா பேசுறேன். அம்மா கடைக்குப் போகல்லம்மா. ரொம்பத் தூரத்துல வேலை செய்றேன். நீ தூங்கிக்கிட்டிருந்த, சொல்லாம வந்துட்டேன். அம்மா சொல்லிட்டு வந்திருக்கணும்."

"எந்த பஸ்ல போனீங்க?" என்று கேட்டாள்.

"பஸ்ல போயி, அப்புறம் பிளேன்ல வந்தேன்."

"திரும்பி வருவீங்களா?"

"வருவேன். இன்னும் நாள் இருக்கு. ஆனா வருவேன்."

அழைப்பு முடிந்ததும் சர்மினி அழத் தொடங்கினாள். அவளிடமிருந்து நான் அப்படியொரு அழுகையைக் கேட்டதே இல்லை. அப்பா தூக்கப் போனார், கையைத் தட்டிவிட்டாள். அருளப்பன் சேரின் புறங்கையைப் பிடித்துக் கடித்தாள். அவர் கையை எடுக்கவில்லை. "வலிக்குது சர்மினி," என்றார். "ஆனா நான் இங்கதான் இருக்கேன்." அவள் விட்டுவிட்டு அப்பாவின் மடியில் போய் விழுந்தாள். அப்பாவும் அழுதார். நான் எழுந்துபோய்ப் பாய்களைச் சுருட்டினேன். அங்கே நிற்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மா பேசினார். நேசரியில் சேர் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். யார் எழுந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் "போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. கடி ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் குறைந்து குறைந்து, அந்த வருடம் முடிவதற்குள் இல்லாமல் போனது.

நேசரி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. போனவர்களில் சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. மண்டபத்தை விட்டுவிட்டு ரெயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் சிறிய அறை ஒன்றுக்கு மாறினோம். அஸ்வினின் அம்மா பஜாரில் சேரைக் கண்டால் பேசாமல் போவார். அதில் சேருக்கு வருத்தம் இருந்தது. "அவங்க புள்ளைக்கு ரத்தம் வந்திச்சு. அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது," என்று ஒரு தடவை சொன்னார். பிறகு எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்துக் கண்டிக்கு வந்துவிட்டேன். நடக்க முடியாமல் போகும்வரை அவர் அந்த அறையில் நேசரியை நடத்தினார்.

சர்மினி இப்போது கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அம்மா திரும்பி வந்து பல வருடமாகிறது. கடைக்கு நான் போனால் இரண்டு வார்த்தை பேசுவாள். ஒரு தடவை பேச்சோடு பேச்சாக, சின்ன வயதில் கடிப்பாய், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "நானா மிஸ்? சும்மா சொல்றீங்க," என்று சிரித்தாள். இதைத் தொலைபேசியில் சொன்னபோது அருளப்பன் சேருக்கு அவ்வளவு சந்தோஷம். "நல்லது டீச்சர். காயம் சரியா ஆறிட்டா அந்த இடத்தத் தேடினாலும் கிடைக்காது," என்றார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம், என் வகுப்பில் ஒருவன் இன்னொருத்தியின் படத்தைக் கிழித்துவிட்டான். எல்லாப் பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் எதுவும் சொல்லாமல் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். பிறகு கிழித்தவனைப் பசை எடுத்து வரச் சொன்னேன். ஒட்டி முடிக்க ஒரு பாடவேளை போய்விட்டது. படம் கோணலாகத்தான் வந்தது.

அருளப்பன் சேரின் பொறுமை எனக்கு வராது. அவர் மாதிரி ஒரு பிள்ளைக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் என்னால் முடியாது. ஒரு பிள்ளை தப்புச் செய்வதற்கும் நான் வாயைத் திறப்பதற்கும் இடையில் இப்போது எனக்குச் சிறிது நேரம் கிடைக்கிறது. அவரோடு வேலை செய்வதற்கு முன் அது என்னிடம் இருக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நேரத்தைத்தான்.